நலம் போடாத கார்டு

ராசிக்: கைய எடுடா டாக்டரு. சீனிப் பொட்டலம் சுத்துறதுக்கெல்லாம் லண்டன் படிப்புத் தேவையில்ல.

இராமையா: ஒத்தக் கையால இந்த முடிச்சப் போட ஒனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?

ராசிக்: சொல்லிக் குடுத்தியா? மெடிக்கல் காலேஜு லீவுக்கு வந்தப்பல்லாம் எங்க வாப்பா கடையில இருந்த சாக்கு நூல் பூராவையும் முடிச்சுப் போட்டே தீத்த. ‘நாளைக்கு மனுசனோட ரத்தக் கொழாய இப்படித்தான் கட்டணும்’னு வேற சொன்ன. பாவம், வாப்பாவுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

இராமையா: ஒங்க வாப்பா நூலுதான் என்னைய டாக்டராக்குச்சு, ஒத்துக்கிறேன்.

ராசிக்: அது கெடக்கட்டும். கொழும்புல பெரிய சர்ஜன், பல்கலைக்கழகத்துல பாடம் சொல்ற மனுசன், ஞாயித்துக்கெழம பட்டப்பகல்ல ஒரு வார்த்த சொல்லாமக் கந்தப்பளைக்கு ஜீப்புல வந்து எறங்குனா என்னா அர்த்தம்? பொஞ்சாதி தொரத்திட்டாளா?

இராமையா: அவ எதுக்குத் தொரத்தப் போறா? நான் வீட்டுல இருந்தாத்தானே தொரத்துறதுக்கு.

அசீசா: கூட்டாளி வந்து எம்புட்டு நேரமாச்சு, உள்ள கூப்பிடாம மூட்டைங்களுக்கு நடுவுல நிக்க வச்சுக் கேள்வி கேக்குறீங்களே. வாங்கண்ணே. பிளேன்டீ ஊத்தியிருக்கேன்.

இராமையா: இருக்கட்டும் தங்கச்சி, இங்கயே குடிக்கிறேன். இந்தக் கருவாட்டு வாசம் கொழும்புல கெடைக்கல.

அசீசா: அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கமாட்டீங்களே? பொண்ணு பாக்கப் போன எடத்துல அண்ணியத் தண்ணி முழுங்கச் சொன்னீங்களாமே?

இராமையா: டேய்... இதையும் சொல்லிட்டியா?

ராசிக்: சொல்லாம? நான்தானே கூட வந்தேன். பொண்ணு தலையக் குனிஞ்சுகிட்டு வந்து நிக்குது. இவன் ‘கொஞ்சம் நிமிருங்க... ஒரு மொடக்குத் தண்ணி முழுங்குங்க’ங்கிறான். மாமனாரு என்னா நெனச்சாரு தெரியுமா? மாப்பிள்ள, பொண்ணு கழுத்துல நகை கொறச்சல்னு பாக்குறாருன்னு, உள்ள ஓடிப்போயி இன்னொரு சங்கிலியக் கொண்டாந்து போட்டாரு!

அசீசா: யா அல்லா!

இராமையா: தொழில் புத்தி, தங்கச்சி. முழுங்குறப்பத்தான் தைரோய்டு சுரப்பி மேல ஏறி எறங்கும். கட்டி இருந்தா கூடவே ஏறும். மனுசனப் பாத்தா மொகம் மறந்துபோகும் எனக்கு, கழுத்து மறக்காது.

ராசிக்: எந்த வியாதியும் கெடைக்காம கழுத்துல போயி உக்காந்துகிட்டான் பாரு.

இராமையா: நானா போயி உக்காந்தேன்? எங்கப்பா தோட்டத்துல காலையில பெரட்டுக்கு ஆளுங்கள வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுற கணக்கப்பிள்ளை. கூடவே போயி நிப்பேன். வரிசையா நிக்கிற பொம்பளைங்க கழுத்துலதான் முதமுதலா அந்தக் கட்டியப் பாத்தேன். முக்கால்வாசி சும்மா கழலை. அதுல எது புத்துநோயின்னு கண்டுபுடிக்க அப்ப இங்க யாரும் இல்ல. அதுக்குத்தான் படிச்சேன்... சரி, நீ ஏன்டா டீ குடிக்கல?

ராசிக்: நான் இப்பத்தான் குடிச்சேன்.

அசீசா: எப்ப?

ராசிக்: நீ பாக்காதப்ப. போ, அடுப்புல கறி அடிப்பிடிக்குது.

இராமையா: ராசிக்... வெளையாட்டு போதும். நாப்பத்தியோரு பேரப் பத்திக் கேக்கத்தான் வந்தேன்.

ராசிக்: யாரு, நம்ம கார்டு ஆளுங்களா?

இராமையா: ஆமா. அம்பத்தி நாலுல இருந்து நான் கழுத்துல புத்துநோய்க்கட்டி வெட்டி எடுத்த தோட்டத்து ஆளுங்க. வருசா வருசம் ஆடி மாசம் எங்க ஆபீசுல இருந்து ஆளுக்கொரு பதில் கார்டு ஒன் கடை விலாசத்துக்கு வரும். அவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டு நீதான் எழுதி அனுப்புவ.

ராசிக்: தோட்டத்து ஆபீசுக்கு அனுப்புனா கிளாக்கரு மேசையிலயே மொளச்சு இலை விடும்னு நீதானே சொன்ன. நானும் சாமான் வாங்க வர்றப்ப ஒவ்வொருத்தரையும் புடிச்சு உக்கார வச்சுக் கேப்பேன். வராதவங்களுக்கு அவங்க குடியிருக்குற லயத்துக்கே போவேன். ஒரு கார்டு விட்டதில்ல. இன்னைக்கு வந்து என்னா கணக்குக் கேக்குற?

இராமையா: பத்து வருசமா நாப்பத்தியோரு பேரும் நலம்.

ராசிக்: அப்படியா? கைராசிக்காரன்டா நீ.

இராமையா: லண்டன்லயும் அப்படித்தான் சொன்னாங்க. அங்க பெரிய பெரிய டாக்டருங்க வெட்டுனாலே பத்து வருசத்துல கொஞ்சப் பேரு போயிருவாங்க. சிலோன் மலைத் தோட்டத்துல ஒருத்தர்கூடச் சாகலேன்னு நான் வாசிச்சதும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்கடா. வர்ற புரட்டாசிக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் கட்டுரைய வச்சுத்தான் எனக்குப் பேராசிரியர் பதவி.

ராசிக்: அட, அதச் சொல்லு மொதல்ல! அசீசா, இனிப்புக்கு வட்டிலாப்பம் செய்ய முட்டை ஒடை. கணக்கப்பிள்ளை மகன் பேராசிரியராகப் போறான்!

இராமையா: பேச்சியம்மா எங்கடா?

ராசிக்: எந்தப் பேச்சியம்மா?

இராமையா: திம்புள்ளப் பக்கத்துல இருந்து மகன் வீட்டோட வந்து இருந்தாங்களே. நான் வெட்டுன ஏழாவது ஆளு. போன ஆடிக்கும் நலம்னு கார்டு வந்துச்சே.

ராசிக்: அந்தக் கெழவி மவுத்தாயி மூணு வருசமாச்சே...

இராமையா: செத்துப்போனவங்க எப்படிடா நலம்னு எழுதுவாங்க?

ராசிக்: அவங்க எங்க எழுதுனாங்க? மகன் சொன்னான், நான் எழுதுனேன். ‘இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.’ கடுதாசின்னா அப்படித்தானே ஆரம்பிக்கணும்? எடுத்த எடுப்புல ‘எங்க ஆத்தா செத்துட்டா’ன்னு ஆரம்பிக்க, நாங்க என்ன காட்டுப் பயலுகளா?

இராமையா: அதுக்குக் கீழ?

ராசிக்: அதுக்குக் கீழ முழு வெவரமும் எழுதுனேன். ‘எங்கள் தாயார் மாசி மாதம் பதினெட்டாம் தேதி காலமாகிவிட்டார்கள். கட்டி மறுபடியும் வந்து மூச்சை அடைத்துவிட்டது.’ அதுக்கு அடுத்த வருசமும் ஒங்க ஆபீசு அந்தக் கெழவி பேருக்கே கார்டு அனுப்புச்சு. நானும் ‘யாவரும் நலம், தாயார் காலமாகி ஒரு வருடம் ஆகிறது’ன்னேன். மறு வருசமும் வந்துச்சு. ‘யாவரும் நலம், ரெண்டு வருடம்’ன்னேன். பெரிய எடத்துல ஏதோ சட்டதிட்டம் இருக்கும்போலன்னு நெனச்சேன்.

இராமையா: சாவுக் கடுதாசின்னா மூலையில கறுப்பு மை தடவணும்ல? அதையாவது செஞ்சிருக்கலாம்ல?

ராசிக்: நல்லாச் சொன்ன போ! ஆஸ்பத்திரிக்குக் கறுப்பு தடவுன கார்டு அனுப்புறதா? சீக்காளிங்க படுத்திருக்குற எடத்துக்கு? தபால்காரன் என்னையக் காறித் துப்பமாட்டான்?

இராமையா: ம்...

ராசிக்: என்னாடா ‘ம்’? ...டேய். என் மொகத்தப் பாரு. நீ கீழ படிக்கலியா?

அசீசா: அண்ணே... டீ ஆறிப்போச்சு. வேற ஊத்தவா?

இராமையா: வேணாம் தங்கச்சி. படிக்கலடா. நான் படிக்கல.

ராசிக்: ஒரு கார்டு கூடவா?

இராமையா: மொத ரெண்டு வருசம் நான்தான் படிச்சேன். அப்ப எல்லாரும் நெசமாவே நல்லா இருந்தாங்க. அப்புறம் பாடம், பரீட்சை, பையன்களுக்கு ஆப்பரேசன் தியேட்டர்ல வேலை சொல்லிக் குடுக்குறது, கட்டுரை எழுதுறதுன்னு நேரம் போச்சு. ஆபீசுல ஒரு சிங்களக் கிளாக்கரு. தங்கமான மனுசன், தமிழ் தெரியாது. ‘இந்த மூணெழுத்து இருந்தா, பேருக்கு நேரா ஒரு சரி போடுங்க’ன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டேன்.

ராசிக்: நலம்.

இராமையா: நலம்.

ராசிக்: அட நாசமாப் போனவனே...! பேனா தேயத் தேய நான் எழுதுனது, மழையில லயம் லயமாப் போயி கேட்டது, எல்லாத்துலயும் ஒனக்கு மூணெழுத்துத்தான் வேணுமா? அத முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ரப்பர் சீல் அடிச்சு வச்சிருப்பேனே!

இராமையா: திட்டு. நல்லாத் திட்டு.

ராசிக்: என் மக நிக்காஹ் தேதிய நீ கட்டி வெட்டுன நாகலெட்சுமியோட கார்டுல எடம் மிச்சம் இருந்துச்சேன்னு எழுதுனேன். ‘குடும்பத்தோட வந்துரு’ன்னு. நீ வரல. நான் என்னா நெனச்சேன்? ‘துரையாயிட்டான், சில்லறைக்கடைக்காரன் வீட்டுச் சோறு தொண்டையில எறங்காது’ன்னு நெனச்சேன்.

அசீசா: ஒரு வருசம் ஒங்க பேரையே எடுக்கலண்ணே. ஆனா ஆடி மாசம் கார்டு வந்ததும் மட்டும் கண்ணாடியத் தேடுவாரு.

இராமையா: அந்த வரியவும் இப்பப் படிச்சேன், தங்கச்சி. அஞ்சு வருசம் கழிச்சு.

ராசிக்: இப்ப மட்டும் எப்படி ஞானம் பொறந்துச்சு?

இராமையா: பதினஞ்சு நாளைக்கு முந்தி ஒரு கார்டு வந்துச்சு. அதுல நலம் இல்ல. கிளாக்கருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. சரி போடவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. கையில புடிச்சுக்கிட்டு என் அறைக்கு வந்து, ‘சேர், இதுல அந்த மூணெழுத்த எங்க தேடியும் காணோம்’னாரு. அதப் படிச்சேன். படிச்சிட்டுப் பத்து வருசத்துப் பொட்டியையும் கீழ எறக்கி, கதவச் சாத்திக்கிட்டு, ஒரு கார்டு விடாமப் படிச்சேன். பேச்சியம்மா கதைய ஒன் வாயாலயே கேக்கணும்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன்.

ராசிக்: யாரோட கார்டு அது? யாரு நலம் போடாம எழுதுனது? நான் எழுதல.

இராமையா: சொல்றேன், இரு. இருபத்தெட்டுப் பேரு நெசமாவே நல்லா இருக்காங்க. எட்டுப் பேரு போயிட்டாங்க. அஞ்சு பேருக்குக் கட்டி திரும்பவும் வந்திருக்கு. நாகலெட்சுமிக்குக் காதுக்குக் கீழ பட்டாணி அளவுல தட்டுப்படுதுன்னு நீ மூணு வருசத்துக்கு முந்தியே எழுதியிருக்க. அப்பவே கூப்பிட்டிருந்தா சின்ன வேலைடா அது. ‘ஐயா எப்ப வரச் சொல்றாங்களோ அப்ப வர்றேன்னு சொல்றாள்’னும் எழுதியிருக்க. அவ மூணு வருசமா நான் கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு இருக்கா. நான் லண்டன்ல கைதட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன்.

ராசிக்: சரி... சரி விடு. அழாதடா. கடைக்கு ஆளு வர்ற நேரம்.

இராமையா: எங்க ஆளுங்க, எங்க பாஷை. அதப் படிக்க எனக்கு நேரமில்லாமப் போச்சு. வெக்கமா இருக்குடா.

ராசிக்: நான் ஒண்ணு சொல்லவா? இந்தக் கார்டு வெசயம் யாருக்குத் தெரியும்? ஒனக்கும் எனக்கும். இவளுக்கு. இவ யாருகிட்டயும் சொல்லமாட்டா. அந்தப் பொட்டிய எங்க வெறகடுப்புல போட்டா ஒரு கறிக்குக்கூடக் காணாது. அந்த அஞ்சு பேரையும் சத்தங்காட்டாமக் கூப்பிட்டு வெட்டி எடு. நீ பாட்டுக்குப் பேராசிரியர் ஆயிரு. தோட்டத்துல இருந்து போயி அந்த நாற்காலியில உக்கார இன்னொருத்தன் எப்ப வரப்போறான்?

இராமையா: லேட்டு. சரியான கணக்க எழுதி லண்டனுக்கும் அனுப்பிட்டேன், எங்க பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்.

ராசிக்: அடப் பைத்தியக்காரா!

அசீசா: என்னாங்க பைத்தியம்? செஞ்சதுதான் சரி. நாற்காலி போனா இன்னொரு நாற்காலி. செத்தவங்கள நல்லா இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சா அல்லாவுக்கு அடுக்குமா?

இராமையா: நாற்காலி வரலாம், வராமலும் போகலாம். ஆனா நாளைக்குக் காலையில ஜீப்பு போகுது. இந்தா, ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு. பேரு எழுதி வச்சிருக்கேன். தோட்டத் துரைகிட்ட நானே பேசிட்டேன். வேலைக்கு வரலன்னு யாருக்கும் பேரு வெட்டமாட்டாங்க.

ராசிக்: குடு பாப்பம். நாகலெட்சுமி... அழகன்... பொன்னையா... அம்மாக்கண்ணு... பழனியாண்டி. அழகன்தான் பயப்படுவான், நானே போயி இழுத்துட்டு வர்றேன். ...டேய், இது என்னா? அஞ்சு பேருக்கு ஆறு துண்டு இருக்கு?

இராமையா: எண்ணத் தெரியுது ஒனக்கு.

ராசிக்: இதுல பேரே எழுதல.

இராமையா: நீயே எழுதிக்குவேன்னு விட்டுட்டேன். ஒனக்குத்தான் எழுத்து நல்லா வருமே.

ராசிக்: ...அசீசா, நீ உள்ள போயி அந்த முட்டையப் பாரு.

அசீசா: முட்டை எங்கயும் ஓடாது.

ராசிக்: போ சொல்றேன்ல. ...போயிட்டாளா? மெதுவாப் பேசுடா. அவளுக்குத் தெரியாது.

இராமையா: எத்தன நாளா?

ராசிக்: என்னா எத்தன நாளா?

இராமையா: வந்ததுல இருந்து எம் முன்னாடி ஒரு மொடக்கு டீ முழுங்கமாட்டேங்கிற. காலர் பொத்தானக் கழுத்து வரைக்கும் பூட்டியிருக்க. நான் யாருன்னு நெனச்ச? எத்தன நாளா?

ராசிக்: ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல கொசு கடிச்ச வீக்கம்னு நெனச்சேன்.

இராமையா: ரெண்டு வருசம் கொசு கடிக்குமாடா? ஏன் எனக்கு எழுதல?

ராசிக்: எழுதியிருந்தா? படிச்சிருப்பியா? சரி, அது சும்மா குத்துனேன். எழுத ஒக்காந்தேன்டா. நெசமா. ‘நலம்’னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல பேனா ஓடல. நாப்பத்தியோரு பேருக்கும் ‘பயப்படாத, நம்ம டாக்டரு பாத்துக்குவாரு’ன்னு சொல்லிச் சொல்லி எழுதுனவன். எனக்குன்னு வந்ததும் காலர் பொத்தானப் பூட்டிக்கிட்டேன். கழுத்துல கத்தி வச்சா சில பேருக்குக் கொரலு போயிரும்னு சொல்லுவல்ல? கொரலு போனா நான் எப்படி யாவாரம் பாக்குறது? இந்தக் கடையில நல்ல சாமானா இருக்கு? என் வாயிலதானே ஓடுது.

இராமையா: கொரலு நரம்பத் தேடிப் புடிச்சு ஒதுக்கி வச்சிட்டுத்தான் கட்டியவே தொடுவேன். அதுதான் பத்து வருசமா பையன்களுக்கு நான் சொல்லிக் குடுக்குற பாடம். கட்டி கெட்டதா நல்லதா, வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஒனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனா நேரம் இருக்கு. இன்னும் நேரம் இருக்குடா. ஒன்னைய விட்டுட்டு நான் இங்க இருந்து போகமாட்டேன்.

ராசிக்: அவகிட்ட என்னா சொல்றது? கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போறேன்னு சொல்லவா? ...ஆமா, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நீ ஜீப்புல வர்றப்பவே துண்ட எடுத்துட்டு வந்துட்ட.

இராமையா: நலம் போடாத கார்டு வந்துச்சுன்னு சொன்னேன்ல? இந்தா, அதுதான். நீயே படி.

ராசிக்: ‘கடைக்காரருக்குக் கழுத்தில் உருண்டை இருக்கிறது. இடது பக்கம், காலருக்குக் கீழே. ரெண்டு வருடமாக வளருகிறது. அவராக வரமாட்டார். நீங்கள் வாங்க.’ ...அவ்வளவுதானா? பேரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. எவன்டா இது? அழகனுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிஞ்சவன் எவனும் மரியாத இல்லாம இப்படி ஆரம்பிக்கமாட்டான். காலருக்குக் கீழன்னு எழுதியிருக்கான் பாரு... பொத்தானக் கழட்டி நான் யாருக்குடா காட்டுனேன்?

அசீசா: எனக்கும்தான் காட்டல. நீங்க தூங்குறப்ப நானே பாத்துக்கிட்டேன். ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டு, பாக்காத மாதிரியே இருந்துட்டேன். நலம்னு எழுதணும்னுதான் பேனாவ எடுத்தேன்... அந்த ஒரு பொய்ய மட்டும் எழுதக் கை வரல. துண்டுல பேர எழுதுங்க. ஒங்க துணிமணியெல்லாம் முந்தாநாளே எடுத்து வச்சிட்டேன்.